சேதனமும் அசேதனமும்: அணுப் பிணைப்பு நோக்கில் மலையகத் தேயிலை மண்

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளைகளின் இறக்குமதியைத் தடைசெய்தது. மக்களின் உடல்நலமும் சூழற் பாதுகாப்பும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. நாடு எதிர்நோக்கியிருந்த அந்நியச் செலாவணி நெருக்கடி அதன் பின்புலமாக அமைந்தது. நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாறவேண்டும் என்பதே அறிவிக்கப்பட்ட இலட்சியம். அதே ஆண்டு ஒக்டோபரில் தேயிலைக்கு விலக்களிக்கப்பட்டது. நவம்பரில் தடை பொதுவாகவே நீக்கப்பட்டது. இந்நிகழ்ச்சியின் அரசியற் பொருளாதாரப் பக்கங்கள் பலராலும் பேசப்பட்டுள்ளன. நாம் இங்கு நோக்க முனைவது வேறொரு பக்கமாகும். 'சேதனம்', 'இரசாயனம்' என இரு முகாம்களாகப் பிரித்து நடாத்தப்பட்ட அவ்விவாதத்தில், பசளையினுள்ளே அணுக்கள் ஒன்றையொன்று எவ்வாறு பற்றி நிற்கின்றன என்ற வினா பெரும்பாலும் எழவேயில்லை. ஆயின் தேயிலைச் செடி எதனை உண்கிறது, மழை எதனைக் கொண்டுசெல்கிறது, மண் எதனைத் தக்கவைக்கிறது என்பனவெல்லாம் அவ்வொரு வினாவிலேயே தங்கியுள்ளன.

இலக்கிய மாணவர்க்கு இரசாயனவியலில் என்ன தொழில் எனச் சிலர் வினவக்கூடும். சொல் ஒன்று ஒரு துறையில் ஒரு பொருளும் பிறிதொரு துறையில் வேறொரு பொருளும் கொண்டு உலாவும்போது விளையும் மயக்கத்தை ஆராய்வது நமது தொழிலேயாகும். அம்மயக்கத்தின் விளைவு ஏட்டோடு நில்லாது ஒரு மக்கட் கூட்டத்தின் நாட்கூலியைத் தொடும்பொழுது அவ்வாராய்ச்சி கடமையும் ஆகின்றது.

1. சொல்லும் பொருளும்

சேதனம் என்பது அறிவுடைய பொருள். அசேதனம் அறிவற்ற சடம். சைவ சித்தாந்தம் முதலாய மெய்யியல் மரபுகளில் உயிரையும் சடத்தையும் வேறுபடுத்த வழங்கிய சொற்கள் இவை. இலங்கையில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்பிக்கப்பட்டபோது, காபன் சேர்வைகளை ஆராயும் பிரிவு 'சேதன இரசாயனம்' எனவும் ஏனையவற்றை ஆராயும் பிரிவு 'அசேதன இரசாயனம்' எனவும் பெயர்பெற்றன. பின்னர் விவசாயத் துறையில் சாணம், இலைகுழை, கூட்டெரு என்பன 'சேதனப் பசளை' எனப்பட்டன. தொழிற்சாலையில் ஆக்கப்பட்டு மூடையிற் கட்டப்பட்டு வருவன 'இரசாயனப் பசளை' அல்லது 'அசேதனப் பசளை' எனப்பட்டன. ஒரே சொல் மூன்று பொருள்களைத் தாங்கி நிற்பதை இங்கு காண்கிறோம்.

இதன் விளைவான முரணுக்கு யூரியாவே தக்க சான்று. தேயிலைத் தோட்டங்களில் மிகுதியாகப் பயன்படும் நைதரசன் பசளை யூரியாவாகும். இரசாயனவியலாளர் வகுப்பின்படி அது ஐயத்துக்கிடமற்ற சேதனச் சேர்வை: ஒரு காபன் அணு, ஓர் ஒட்சிசன் அணு, இரு நைதரசன் அணுக்கள், நான்கு ஐதரசன் அணுக்கள் ஆகியன கொண்ட காபன் சேர்வை. பாலூட்டிகளின் சிறுநீரில் இயல்பாகவே காணப்படுவது. ஆயினும் பசளைக் கடையில் அது அசேதனம்.

இம்மயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உயிருள்ளவற்றின் உடலில் உண்டாகும் பொருள்களை உயிர்விசை எனும் ஒரு தனியாற்றலின் உதவியின்றி ஆக்கல் இயலாது எனப் பலர் கருதினர். 1828இல் ஜெர்மானியரான பிரிட்றிக் வோலர், அசேதன உப்பென அக்காலத்தோர் கொண்ட அமோனியம் சயனேற்றிலிருந்து யூரியாவைப் பெற்றார். இரண்டிலும் உள்ள அணுக்கள் இனத்தாலும் தொகையாலும் ஒன்றே. அவற்றின் பிணைப்பு ஒழுங்கு மாத்திரமே வேறு. உயிர்விசைக் கொள்கை அந்த ஒரு பரிசோதனையால் ஒரே நாளில் வீழ்ந்துவிட்டது எனக் கூறுவது மிகையாகும். எனினும் சேதனத்துக்கும் அசேதனத்துக்கும் இடையே இயற்கை எழுப்பிய மதிலெதுவும் இல்லை என்பதை உணர்த்திய முதற் சான்றுகளில் அது ஒன்று. மதிலில்லாத இடத்தில் 193 ஆண்டுகளின் பின் ஓர் அரசாணை மதிலெழுப்ப முயன்றது.

பிணைப்பு ஒழுங்கு வேறு என்றோம். பிணைப்பு என்பது யாது? மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் கிறீன் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் தமிழ் இரசாயன நூல் 1875இல் வெளிவந்தபோது இவ்வினாவுக்கு உலகில் எவரிடத்தும் தெளிவான விடை இருக்கவில்லை. இலத்திரனை ஜே. ஜே. தொம்சன் இனங்கண்டது 1897இலேயே. 1916இல்தான் கொசெல் என்பவர் அயன் பிணைப்பையும், கில்பேட் லூயிஸ் என்பவர் இலத்திரன் சோடியாலமையும் பிணைப்பையும் விளக்கினர்.

2. அயன் பிணைப்பு

தோட்டங்களில் இடப்படும் பொட்டாஸ் உரம் பெரும்பாலும் பொற்றாசியம் குளோரைட்டு ஆகும். பொற்றாசிய அணுவில் 19 இலத்திரன்கள் உள. அவை 2, 8, 8, 1 என ஓடுகளில் அமைந்துள்ளன. கடையோட்டிலுள்ள ஒற்றை இலத்திரன் கருவினால் தளர்வாகவே பற்றப்பட்டுள்ளது. குளோரினின் 17 இலத்திரன்கள் 2, 8, 7 என அமைந்துள்ளன. அதன் கடையோட்டில் இன்னும் ஓர் இலத்திரனுக்கு இடமுண்டு. பொற்றாசியம் ஓர் இலத்திரனை இழந்து நேரேற்றமுடைய அயனாகிறது. குளோரின் அதனைப் பெற்று மறையேற்றமுடைய அயனாகிறது. எதிரெதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று கவர்கின்றன. இதுவே அயன் பிணைப்பு.

பாடநூல்கள் இதனைக் 'கொடுத்தல்', 'வாங்கல்' எனும் உருவகங்களால் விளக்குவது வழக்கம். கடையோட்டில் எட்டு இலத்திரன்களை நிரப்பிக்கொள்ள அணு 'விரும்புகிறது' என்றும் கூறப்படும். உருவகம் விளக்கத்துக்கு உதவும்; ஆனால் அதுவே காரணமாகிவிடாது. கணக்கைப் பார்ப்போம். 39 கிராம் நிறையுள்ள தனித்தனிப் பொற்றாசிய அணுக்களிலிருந்து ஒவ்வோர் இலத்திரனை அகற்றுவதற்கு ஏறத்தாழ 419 கிலோயூல் சக்தி செலவாகிறது. அவ்விலத்திரன்களை 35.5 கிராம் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது வெளிவரும் சக்தி ஏறத்தாழ 349 கிலோயூல் மட்டுமே. ஆக, இலத்திரன் கைமாறுவதால் மட்டும் இலாபமில்லை. 70 கிலோயூல் நட்டமே உண்டு. அயன்கள் முப்பரிமாணச் சாலகமாக ஒழுங்குபட்டு நிற்கும்போது ஏறத்தாழ 700 கிலோயூலுக்கு மேற்பட்ட சக்தி வெளிப்படுகிறது. நட்டத்தை ஈடுசெய்து பிணைப்பை உறுதியாக்குவது அதுவே. பளிங்கினுள் ஒவ்வொரு பொற்றாசிய அயனையும் ஆறு குளோரைட்டு அயன்கள் சூழ்ந்துள்ளன. ஒவ்வொரு குளோரைட்டையும் ஆறு பொற்றாசிய அயன்கள் சூழ்ந்துள்ளன. இன்ன பொற்றாசியத்துக்கு இன்ன குளோரின் துணை எனப் பிரித்துச் சுட்டக்கூடிய சோடி எதுவும் அங்கில்லை. பிணைப்பின் வலிமை தனியணுவின் 'விருப்ப'த்தில் இல்லை, அமைப்பின் முழுமையில் உள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இச்சாலகத்தை வெப்பத்தால் மாத்திரம் குலைக்க வேண்டுமாயின் 770 பாகை செல்சியசு வரை சூடாக்கவேண்டும். ஆனால் நுவரெலியாவின் குளிர்ந்த மழை அதனைச் சில நிமிடங்களிற் குலைத்துவிடுகிறது. நீர் மூலக்கூறின் ஒட்சிசன் பக்கம் சிறிது மறையேற்றமும் ஐதரசன் பக்கம் சிறிது நேரேற்றமும் கொண்டவை. பொற்றாசிய அயனை ஒட்சிசன் பக்கங்களும் குளோரைட்டு அயனை ஐதரசன் பக்கங்களும் சூழ்ந்து, அவற்றைச் சாலகத்தினின்றும் பிரித்தெடுக்கின்றன. வேருக்கு வேண்டுவது அவ்வாறு பிரிந்த அயனே.

அயன் சேர்வைகள் யாவும் இவ்வாறு எளிதிற் கரையும் எனக் கொள்ளலாகாது. 1971இல் எப்பாவலையிற் கண்டறியப்பட்ட பொசுபேற்றுப் பாறை, கல்சியம் அயன்களும் பொசுபேற்று அயன்களும் இறுகப் பிணைந்த சாலகமாகும். நெல் வயலின் குறுகிய போகத்துக்கு உதவாத அளவுக்கு அது மெதுவாகவே கரைகிறது. மலையகத்தின் அமில மண்ணில், தேயிலை போன்ற நீண்டகாலப் பயிருக்கு, அம்மெதுவான கரைவே போதுமானதாகின்றது. ஒரே பிணைப்பு வகையினுள்ளும் வலிமைக்கேற்பப் பயன் வேறுபடுவதை இதனால் அறியலாம்.

3. பங்கீட்டு வலுப் பிணைப்பு

இரு அணுக்களுள் எதுவும் மற்றையதிடமிருந்து இலத்திரனை முற்றாகக் கவர இயலாதபோது நிகழ்வது வேறு. இரு ஐதரசன் அணுக்கள் நெருங்கும்போது அவற்றின் இரு இலத்திரன்களும் இரு கருக்களுக்கும் பொதுவாகின்றன. இரு கருக்களாலும் ஒருங்கே கவரப்படும் இலத்திரன் சோடி அக்கருக்களை ஒன்றுசேர்த்து வைக்கிறது. தொகுதியின் சக்தி குறைகிறது. 1927இல் ஹைற்லர், லண்டன் என்னும் இருவர் குவாண்டம் பொறிமுறையின் துணைகொண்டு இதனைக் கணித்துக் காட்டினர். இதனைத் தமிழ்நாட்டார் சகப்பிணைப்பு என்பர். நாம் பங்கீட்டு வலுப் பிணைப்பு என்கிறோம். 'வலு' என்ற சொல், இலத்தீனில் வலிமையைக் குறிக்கும் வேரடியாகப் பிறந்த கலைச்சொல்லைப் பொருளறிந்து பெயர்த்தது. பங்கீடு என்ற சொல்லோ உழைக்கும் மக்களுக்கு நன்கு பழக்கமானது.

காற்றின் கனவளவில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். கொழுந்தின் புரதத்துக்கும், பச்சையத்துக்கும், தேயிலைக்கு உற்சாகந்தரும் கபேயினுக்கும் நைதரசன் இன்றியமையாதது. அவ்வாறாயின் நைதரசன் கடலினுள் நின்றுகொண்டே தேயிலைச் செடி நைதரசனுக்கு ஏங்குவது ஏன்? விடை பிணைப்பில் உள்ளது. காற்றிலுள்ள நைதரசன் அணுக்கள் இருவிரண்டாக மூன்று இலத்திரன் சோடிகளைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. ஐதரசனின் ஒற்றைப் பிணைப்பை உடைக்க ஒரு மூலுக்கு 436 கிலோயூல் போதும். நைதரசனின் மும்மைப் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 945 கிலோயூல் வேண்டும். எந்தத் தாவரத்துக்கும் தானாக அதனை உடைக்கும் ஆற்றலில்லை. மின்னல் சிறிதளவை உடைக்கிறது. தோட்டங்களில் நிழலுக்கும் பசுந்தாட் பசளைக்குமாக வளர்க்கப்படும் முள்முருக்கு, கிளிசரியா முதலிய அவரையினத் தாவரங்களின் வேர்முடிச்சுக்களில் வாழும் பற்றீரியாக்கள் அதனை உடைக்கின்றன. மனிதர் அவ்வாற்றலைப் பெற்றது இருபதாம் நூற்றாண்டிலேயாகும். பிரிட்ஸ் ஹேபர் 1909இல் ஆய்வுகூடத்திற் காட்டிய முறை, 1913 முதல் ஜெர்மனியின் ஒப்பாவில் தொழிற்சாலை அளவில் நடைமுறைக்கு வந்தது. இரும்பு ஊக்கியும், 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும், காற்றமுக்கத்தின் நூறு மடங்குக்கும் மேலான அமுக்கமும் கொண்டு, நைதரசன் ஐதரசனுடன் சேர்க்கப்பட்டு அமோனியாவாகிறது. அமோனியாவிலிருந்தே யூரியா ஆக்கப்படுகிறது.

யூரியாவின் எட்டு அணுக்களும் பங்கீட்டு வலுப் பிணைப்புக்களாற் கோக்கப்பட்டுள்ளன. அது 133 பாகையிலேயே உருகிவிடுகிறது. அதனுள் அணுக்கள் வலிமையாகவே பிணைந்துள்ளன. மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையிலுள்ள கவர்ச்சியே மெலிது. உருகும்போது தளர்வது அக்கவர்ச்சி மட்டுமே. நீரிலும் யூரியா நன்கு கரையும். ஆயின் அயன்களாகப் பிரிவதில்லை. முழு மூலக்கூறாகவே நீரோடு கலந்து நிற்கும். பங்கீட்டு வலுச் சேர்வைகள் நீரிற் கரையா என மாணவர் மனனஞ் செய்யும் விதி எத்துணைக் குறையுடையது என்பதைச் சீனியிட்ட தேநீர்க் கோப்பையே காட்டும்: சீனியும் கபேயினும் பங்கீட்டு வலுச் சேர்வைகளே.

4. இரு வகையும் ஒரு தொடரும்

இவ்விரு பிணைப்புக்களும் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு பெட்டிகளா? அல்ல. லைனஸ் போலிங் 1932இல் மின்னெதிர்த்தன்மை என்னும் அளவுகோலை வகுத்தார். பிணைப்பிலுள்ள இலத்திரனைத் தன்பால் இழுக்கும் ஆற்றலின் அளவு அது. பொற்றாசியத்துக்கு 0.8, குளோரினுக்கு 3.2; வேறுபாடு 2.4. அங்கு இலத்திரன் ஏறத்தாழ முற்றாகவே கைமாறுகிறது. காபனுக்கு 2.5, ஐதரசனுக்கு 2.2, வேறுபாடு மிகச் சிறிது, பங்கீடு பெரிதும் சமமானது. நைதரசனுக்கு 3.0, எனவே நைதரசனுக்கும் ஐதரசனுக்கும் இடையில் பங்கீடு உண்டு, ஆனால் சமமான பங்கீடன்று, நைதரசன் பக்கம் இலத்திரன் செறிவு கூடியிருக்கும். முற்றான கைமாற்றம், சமனற்ற பங்கீடு, சமமான பங்கீடு என்பன ஒரு தொடரின் கட்டங்களே. அளவின் மாற்றம் ஒரு கட்டத்தில் பண்பின் மாற்றமாக வெளிப்படுகிறது.

ஒரே பொருளினுள் இரு வகையும் கூடி நிற்றலும் உண்டு. அமோனியம் சல்பேற்று அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமோனியாவின் நைதரசனில் பங்கிடப்படாத ஓர் இலத்திரன் சோடி உண்டு. இலத்திரனை இழந்த ஐதரசன் அயன் ஒன்றுக்கு அச்சோடி ஈயப்படும்போது நான்கு ஐதரசன்கள் கொண்ட அமோனியம் அயன் உருவாகிறது. ஈதலால் அமைந்த நான்காவது பிணைப்பு, அமைந்தபின் ஏனைய மூன்றிலிருந்தும் வேறுபடுத்த இயலாததாகிவிடுகிறது. அமோனியத்துள்ளும் சல்பேற்றுள்ளும் பங்கீட்டு வலு; அவ்விரண்டுக்கும் இடையே அயன் பிணைப்பு. யூரியாவிலும் ஒரு நுட்பம் உண்டு. அதன் காபனுக்கும் நைதரசனுக்கும் இடையிலான பிணைப்பு தூய ஒற்றைப் பிணைப்புமன்று, இரட்டைப் பிணைப்புமன்று, இடைப்பட்டது. போலிங்கின் பரிவுக் கொள்கை இதனை விளக்குகிறது.

அக்கொள்கை 1951இல் மொஸ்கோவில் கூடிய இரசாயனவியலாளர் மாநாட்டிற் கருத்துமுதல்வாதம் எனக் கண்டிக்கப்பட்டதை இங்கு நினைவுகூர்தல் தகும். பொருளின் இயல்பைப் பொருளிடமே கேட்டறிவதுதான் பொருள்முதல்வாதம். முன்கூட்டியே வகுத்த கோட்பாட்டுப் பெட்டியினுள் பிணைப்பு அடங்கவில்லை என்பதற்காக அதனை மறுப்பது பொருள்முதல்வாதத்தின் பெயராற் செய்யப்பட்டாலும் அதற்கு மாறானதே. பரிவுக் கொள்கை நிலைத்தது, கண்டனம் மறக்கப்பட்டது. வகைப்பாடுகளை இயற்கையின் மீது ஏற்றிவிட்டு இயற்கை அவற்றுக்குப் பணியும் என எதிர்பார்த்தல் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஒன்றே.

5. மண்ணில் நிகழ்வது

தேயிலையின் வேர் நைதரசனைப் பெரும்பாலும் அயன் வடிவிலேயே உறிஞ்சுகிறது: அமோனியம் அல்லது நைத்திரேற்று. இவ்விரண்டுள் அமோனியத்தையே தேயிலை விரும்பி ஏற்கும் என்பது ஆய்வுகளால் அறியப்பட்டது. எனவே நைதரசன் எந்த வடிவில் மண்ணுக்கு வந்தாலும், பங்கீட்டு வலுப் பிணைப்புக்களால் ஆன மூலக்கூறிலிருந்து விடுபட்டு அயனாக மாறியே செடியினுட் பெரிதும் புகவேண்டும்.

யூரியாவுக்கு இப்பயணம் குறுகியது. மண்ணிலுள்ள நுண்ணங்கிகள் சுரக்கும் யூரியேசு எனும் நொதியம் காபன் - நைதரசன் பிணைப்புக்களை நீரின் துணையால் உடைத்து, சில நாட்களில் அமோனியத்தை விடுவிக்கிறது. மேற்பரப்பில் கிடந்து மழை கிடையாவிடின் ஒரு பகுதி அமோனியா வாயுவாகக் காற்றோடு போய்விடும். கூட்டெருவுக்கு இப்பயணம் நெடியது. அதிலுள்ள நைதரசன் புரதம் முதலிய பெருமூலக்கூறுகளில், எண்ணற்ற பங்கீட்டு வலுப் பிணைப்புக்களால் காபன் சட்டகத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. நுண்ணங்கிகள் அவற்றை ஒவ்வொன்றாக உடைக்கவேண்டும். குளிர்ந்த மலையில் அவ்வேலை மேலும் மந்தமாகும். எருவில் நைதரசனைவிடக் காபன் மிகுதியாயின், நுண்ணங்கிகள் தம் உடலை வளர்க்க மண்ணிலுள்ள நைதரசனையும் எடுத்துக்கொண்டு செடியைச் சிலகாலம் பட்டினி போடுவதும் உண்டு. இறுதியில் விடுபடும் அமோனியமோ, யூரியாவிலிருந்து விடுபட்ட அமோனியத்திலிருந்து எவ்வகையிலும் வேறானதன்று. அயனுக்குத் தன் பிறப்பிடம் தெரியாது. வேறுபாடு விடுபடும் வேகத்திலும் அளவிலுமே உள்ளது.

இதனாற் கூட்டெரு பயனற்றது எனக் கொள்ளுதல் பெருந்தவறு. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா மலைகளின் மண் நீண்டகால மழையால் கழுவப்பட்டது. அதிலுள்ள களியின் அயன் பிடிக்கும் ஆற்றல் குறைவு. களித் துணிக்கைகளின் மறையேற்றம் அமோனியம், பொற்றாசியம் போன்ற நேரயன்களை ஓரளவு பிடித்துவைக்கும். மறையேற்றமுடைய நைத்திரேற்றையோ அது தடுத்து நிறுத்துவதில்லை; அது மழைநீரோடு இறங்கி ஆறுகளை நோக்கிச் செல்லும். உக்கிய சேதனப் பொருளின் அமிலக் கூட்டங்கள் கூடுதலான மறையேற்றங்களை வழங்கி நேரயன்களைத் தாங்குகின்றன, நீரைத் தேக்குகின்றன, சரிவில் மண்ணரிப்பைக் குறைக்கின்றன. மறுபுறம், அமோனியம் நைத்திரேற்றாக மாறும்போது ஐதரசன் அயன்கள் விடுபட்டு மண் மேலும் அமிலமாகிறது. தேயிலை அமில மண்ணை விரும்பும் பயிரே, பி.எச். பெறுமானம் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருத்தல் அதற்கு உகந்தது. அதற்குங் கீழே செல்லாதவாறு கவ்வாத்துக் காலத்தையொட்டித் தொலமைற்று இடப்படுகிறது. அதன் காபனேற்று அமிலத்தை நடுநிலையாக்க, மகனீசியம் செடிக்கு உணவாகிறது. ஆகவே யூரியாவும் கூட்டெருவும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. ஒன்று உணவை உடனே தருவது; மற்றையது அவ்வுணவைப் பிடித்துவைக்கும் பாத்திரத்தைப் பெருப்பிப்பது.

6. கூடையின் நிறை

1840இல் யுஸ்டுஸ் பொன் லீபிக், விளைச்சலோடு மண்ணைவிட்டு நீங்கும் தாதுக்கள் மீண்டும் மண்ணைச் சேரவேண்டும் என வலியுறுத்தினார். நகரத்துக்கு உணவை அனுப்பும் நாட்டுப்புற மண் எவ்வாறு வறிதாகிறது என்பதை ஆராய்ந்த மார்க்ஸ், 'மூலதனம்' முதற்றொகுதியில் லீபிக்கின் பணியைப் பாராட்டிக் குறிப்பிட்டுள்ளார். அந்நூல் வெளிவந்த 1867ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார் என்பது தற்செயலான ஒற்றுமையே. ஆயினும் லீபிக் கூறியதற்கு மலையகத்தைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை. பதப்படுத்திய தேயிலையின் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கு நைதரசன். ஒரு ஹெக்டேயரிலிருந்து ஆண்டுக்கு 1500 கிலோகிராம் தேயிலை பெறப்பட்டால் ஏறத்தாழ 60 கிலோகிராம் நைதரசன் பெட்டியிலேறிக் கடல் கடக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இது நடைபெறுகிறது.

அந்த 60 கிலோகிராமை மட்டும் ஈடுசெய்ய, நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் கொண்ட யூரியா 130 கிலோகிராம் தேவை. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசன் கொண்ட கூட்டெருவாயின் 4000 கிலோகிராம் தேவை. அதிலும் ஒரு பகுதியே முதலாண்டில் அயனாகி விடுபடும். இந்த நாலாயிரம் கிலோகிராமை எவர் ஆக்குவது, எதிலிருந்து ஆக்குவது, செங்குத்தான மலைகளில் எவர் முதுகில் ஏற்றுவது என்ற வினாக்களுக்கு விடை காணப்படுமுன்பே தடை நடைமுறைக்கு வந்தது. பிணைப்புக்களை உடைக்கும் வேலையை ஒரு நாட்டில் தொழிற்சாலையும் எரிபொருளும் செய்யாதவிடத்து, நுண்ணங்கியும் காலமும் மனித உடலும் செய்யவேண்டியுள்ளன.

இலங்கையின் தேயிலை உற்பத்தி 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோகிராம். 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோகிராம். வீழ்ச்சிக்குப் பசளையின்மை ஒன்றே காரணமன்று. 2022இன் எரிபொருள் தட்டுப்பாடும், தடை நீங்கியபின் பன்மடங்காகிய பசளை விலையும் சேர்ந்துகொண்டன. எனினும் நைதரசன் குறைந்த செடி புதுத் தளிர்களைக் குறைவாகவும் தாமதமாகவும் விடும் என்பது ஐயமற்றது. அதனை முதலில் உணர்வது கொழும்பு ஏலச் சந்தையன்று. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கை. ஒரு கிலோகிராம் தேயிலைக்கு நாலரைக் கிலோகிராம் அளவு பச்சைக் கொழுந்து வேண்டும். 2021 மார்ச்சில் நாட்கூலி 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதனைப் பெறத் தோட்டம் விதித்த நிறையைப் பறித்தாக வேண்டும். நிறை குறைந்தால் அரைப்பேர். செடியில் கொழுந்து இல்லாமை தொழிலாளியின் குற்றமன்று. ஆயினும் தராசு அதனைக் கேட்பதில்லை. அணுக்களிடையே ஓர் இலத்திரன் சோடி எங்கு நிற்கிறது என்ற செய்தி, இவ்வாறு கூடையின் நிறையாகவும் அரைப்பேராகவும் மொழிபெயர்க்கப்படுகிறது.

1925இல் தோற்றுவிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில், இத்தொழிலாளரின் லயங்களுக்கு அண்மையிலேயே உள்ளது. இக்கட்டுரையில் கூறிய மண்ணியற் செய்திகளுள் எதுவும் அங்குள்ளோர்க்குப் புதிதன்று. அறிவு இல்லாமையன்று இங்கு குறை. அது எட்ட வேண்டியோரை எட்டாமையே குறை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது அதன் பயன் தோட்டப் பாடசாலைகளை அடையவில்லை. 1970களிலேதான் அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. அயன் பிணைப்புக்குச் சோடியம் குளோரைட்டையும் பங்கீட்டு வலுவுக்கு ஐதரசனையும் எடுத்துக்காட்டி மனனஞ் செய்விக்கும் வகுப்பறை, யன்னலுக்கு வெளியே தெரியும் மலையில் இடப்படும் பொட்டாசையும் யூரியாவையும் எடுத்துக்காட்டினால் அம்மாணவர் கற்பது தம் பெற்றோரின் உழைப்பைப் பற்றிய விஞ்ஞானமாக இருக்கும். அதற்கு வேண்டிய கலைச்சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றைப் பரீட்சைத் தாளுக்கு வெளியே கொண்டுவருவதே எஞ்சியுள்ள பணி.

பசளைக் கொள்கை பற்றி இனியொரு விவாதம் எழுமாயின், சேதனமா இரசாயனமா எனத் தொடங்குவதிற் பயனில்லை. எத்தனை கிலோகிராம் நைதரசன், எப்பிணைப்பில், எம்மழைக்கு முன், எந்த மண்ணில், எவர் கையால் என்பனவே கேட்கப்பட வேண்டிய வினாக்கள். இறுதி வினாவுக்கு உரியோரும் அவ்விவாதத்தில் அமர்ந்திருத்தல் வேண்டும்.